சம்மதம் விழும்வரை

பீஷாவுக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு உண்டு. அதன் வழியாக எடுத்த சிறுநீரகம் அவளுடைய அண்ணன் யாவ்நானின் உடம்பில் சரியாகப் பதினான்கு மாதம் வேலை செய்தது. இருபது வருஷம்கூட வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தும் இருக்கும். நடுவில் அண்ணனுக்கு ஞானம் வந்துவிட்டது, அதுதான் கெட்டது.

யாவ்நான் எழுத்தாளன். ஒன்பது வருஷமாக, தினம் ஓர் அத்தியாயம் என்று கைபேசியில் வெளிவரும் தொடர்கதை அவனுடையது. கதாநாயகன் ஒரு துறவி. மலை மலையாக ஏறுவான், எதிரிகளை அடிக்காமலே ஜெயிப்பான், யின், யாங் என்ற இரண்டு சக்தியும் சமமாக நின்றால் உலகத்தில் நோயே கிடையாது என்று மூன்று அத்தியாயத்துக்கு ஒரு தடவை சொல்லுவான். தைவானில் அவர்கள் ஊரான தைனானில் பஸ்ஸில் போகிற பாதிப் பேர் அதைப் படித்துக்கொண்டுதான் போகிறார்கள். எழுதியவனே அதை நம்ப ஆரம்பித்ததில்தான் வம்பு. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளை ஒருநாள் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். உடம்பை மாத்திரையால் மிரட்டக் கூடாதாம், அது தன் சமநிலையைத் தானே கண்டுபிடிக்குமாம். மலையில் ஒரு விடுதியில் மூன்று வாரம் மூச்சுப் பயிற்சி செய்தான். இறங்கி வரும்போது முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

தங்கையின் சிறுநீரகம் போயிற்று. திரும்பவும் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதையும் அவன் வீணாக்கவில்லை, ஓர் அத்தியாயம் ஆக்கினான். துறவி சாகக் கிடக்கும்போது குளத்து மீன் ஒன்று தன் வயிற்றுக்குள் இருக்கும் முத்தைச் சிரித்துக்கொண்டே கக்கிக் கொடுக்கிறது. துறவி அந்த முத்தைக் காற்றில் கரைத்துவிட்டு, 'எனக்கென்று எதுவும் வேண்டாம்' என்கிறான். வாசகர்கள் அழுதார்கள். பீஷா அதை மீன் அறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் கைபேசியை நிறுத்தி வைத்துப் படித்தாள். மீனுக்கு அவன் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அவளுக்குக் காலைக் கடை. பால்கெண்டைக் கஞ்சி. பால்கெண்டைக்கு இருநூறுக்கு மேல் முள், அத்தனையையும் உருவிவிட்டுத்தான் வயிற்றுச் சதையைக் கஞ்சியில் போட வேண்டும். புருஷன் வடக்கே இன்னொருத்தியோடு போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இந்தக் கத்தியை வைத்துத்தான் மகள் ஜோலானை வளர்த்தாள். ஜோலானுக்கு இப்போது இருபது, பக்கத்து நகரமான காவோசியுங்கில் கல்லூரியில் படிக்கிறாள். பீஷா சிந்திய வியர்வை எல்லாம் அந்த ஒரு பெண்ணுக்காகத்தான். வேறு எதுவும் தன்னுடையது என்று அவள் நினைத்ததில்லை.

அன்று காலைக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அம்மா வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். எழுபத்து நான்கு வயது. மகனைப் பற்றிப் பேச வந்தால் மட்டும் முதுகு நிமிர்ந்துவிடும். இப்போதும் நிமிர்ந்திருந்தது.

"ஜோலானுக்குப் பொருந்துதாம்டி," என்றாள் அம்மா.

"என்ன பொருந்துது?"

"ரத்தம், அது இது எல்லாம். டெஸ்ட் எடுத்துட்டா. தங்கமான பொண்ணு."

பீஷாவின் கத்தி மீனின் வயிற்றிலேயே நின்றது. "யாரு சொல்லி எடுத்தா?"

"நான்தான் கேட்டேன். கேட்டதுமே சரி பாட்டின்னுட்டா. உன்னை மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கல."

"அவ குழந்தைம்மா!"

"இருபது வயசுக் குழந்தையா? உனக்கு இருபதுல அவ வயித்துல இருந்தா."

"என்னோடது ஒண்ணை வாங்கி நாசம் பண்ணினது போதாதா? மாத்திரையை இழுப்பறையில போட்டுப் பூட்டினவனுக்கு என் பொண்ணு ஒடம்பை அறுக்கணுமா?"

"கத்தாதே, கஞ்சி குடிக்கறவங்க பாக்கறாங்க. நானா முடிவு பண்றேன்? சாமி கிட்ட கேப்போம். அவரு வேண்டாம்னா வேண்டாம். ஜோலானும் அதைத்தான் சொல்லுது, சாமி சரின்னா தர்றேன்னு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

சாமி கிட்ட அம்மா கேட்கிற விதம் பீஷாவுக்குத் தெரியும். தெருமுனையில் மருந்துச் சாமி கோயில். அங்கே திருவுளம் கேட்பது இரண்டு மரக்கட்டைகளைப் போட்டுத்தான். பிறை வடிவம், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு, சிவப்புச் சாயம். ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழுந்தால் யின்னும் யாங்கும் ஒத்துப்போயிற்று, சாமிக்குச் சம்மதம். இரண்டும் தட்டை மேலே இருந்தால் சாமி சிரிக்கிறார், கேள்வி சரியில்லை. இரண்டும் மேடு மேலே இருந்தால் இல்லை என்று பொருள். பெரிய காரியம் என்றால் அடுத்தடுத்து மூன்று தடவை சம்மதம் விழ வேண்டும்.

போன தடவை, பீஷா விஷயமாக, முதலில் சாமி சிரித்தார். அம்மா கேள்வியை மாற்றினாள். இல்லை என்றார். அம்மா மறுபடி மாற்றினாள். 'இந்த வருஷமே கொடுக்கலாமா', 'அறுவடைக்கு அப்புறம் கொடுக்கலாமா', 'இடது பக்கத்தைக் கொடுக்கலாமா' என்று பதினோரு விதமாகக் கேட்டு, பதினோராவதில் மூன்று சம்மதத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். சாமியே ஆனாலும் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்.

மகளிடம் பேசிப் பார்த்தாள் பீஷா. அன்று மத்தியானமே போன் போட்டாள்.

"அம்மா, உனக்கு மாமாவைப் புடிக்காது, அதான் பேசற," என்றாள் ஜோலான். "நீ அவர் எழுதறதை ஒழுங்கா படிச்சிருக்கியா? இருக்கற இடத்துலேர்ந்து இல்லாத இடத்துக்குப் போறதுதான் வழி. எனக்கு ரெண்டு இருக்கு, அவருக்கு ஒண்ணும் இல்ல. இதுல என்ன கணக்கு?"

"எனக்கும் ரெண்டுதான்டி இருந்துச்சு."

"நீ நல்லாத்தானே இருக்க?"

பீஷா போனை வைத்துவிட்டாள். நல்லாத்தான் இருந்தாள். மழை வந்தால் தழும்பு இழுக்கும், குனிந்தால் மூச்சு வாங்கும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் கதையில் வரும் மீனைத்தான் அவள் நினைத்திருப்பாள்.

அம்மா எப்போதும் ஒரே ஜோடிக் கட்டையைத்தான் எடுப்பாள். காலஞ்சென்ற அப்பா கோயிலுக்குக் கொடுத்த ஜோடி, ஒன்றின் நுனி உடைந்திருக்கும். சாமி பிறந்தநாள் நெருங்கினால் தெருக்காரர்கள் கோயில் சாமான்களுக்கு வர்ணம் பூசிக் கொடுப்பது வழக்கம். பீஷா போய் ஹுங் ஐயாவிடம் கேட்டாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் அவர். கண் மங்கல், காது மட்டும் பாம்புக் காது.

"கட்டைங்களுக்கு நான் சாயம் பூசித் தர்றேன் ஐயா."

"இத்தனை வருஷமா வராத பக்தி!" என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக் கொடுத்தார்.

கடையை மூடிவிட்டு, வெயில் கொளுத்துகிற நேரத்தில், மீன் பலகை மேல் வைத்தே வேலையைச் செய்தாள். அப்பாவின் ஜோடியில் தட்டையான பக்கத்தைக் கத்தி முனையால் குடைந்தாள். மீன்காரன் வலையிலிருந்து விழுந்த ஈயக் குண்டுகள் கடை மூலையில் கிடந்தன. இரண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கிக் குழிக்குள் வைத்து, மெழுகு ஊற்றி, மேலே இரண்டு பூச்சு சிவப்புச் சாயம் அடித்தாள். இருநூறு முள்ளை உருவுகிற கை, சின்னப் பிசிறுகூடத் தெரியவில்லை. காய்ந்ததும் போட்டுப் பார்த்தாள். கனமான பக்கம் கீழே போயிற்று, மேடு மேலே வந்தது. இருபது தடவை போட்டாள். இருபது தடவையும் இல்லை, இல்லை, இல்லை.

சாமியை ஏமாற்றுகிறோம் என்று பயம் இருந்தது. ஆனால் அம்மா பதினோரு தடவை ஏமாற்றினாளே, அவளை ஒன்றும் செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். பிடி பிடியாக வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவளுக்கு ஒரு தடவை இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. அதனால் கட்டைக்கு வாய் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயிலில் கூடினார்கள். யாவ்நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, தாடியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான். கையில் டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு. ஜோலான் அவன் காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"வா வா, என் பழைய கிட்னியோட வீட்டுக்காரி," என்றான் பீஷாவைப் பார்த்து. ஜோலான் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பீஷாவுக்கு நெஞ்சில் குத்தியது.

அம்மா ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு, மகன் பெயர், பிறந்த நாள், வீட்டு விலாசம் எல்லாம் சாமிக்குச் சொல்லி, கட்டைகளை எடுத்தாள்.

"என்னடி இது, கனமா இருக்கு?"

"சாயம் ரெண்டு தடவை பூசினேன்மா."

"பேத்தி ஜோலான் மாமனுக்குக் கிட்னி கொடுக்கலாமா சாமி?" என்று கேட்டு அம்மா போட்டாள். கல் தரையில் தொப்பென்று விழுந்தது. இரண்டும் மேடு. இல்லை.

அம்மா தொண்டையைச் செருமினாள். சாமி பிறந்தநாள் கழித்துக் கொடுக்கலாமா? இல்லை. பரீட்சை முடிந்து கொடுக்கலாமா? இல்லை. வலது பக்கம்? இடது பக்கம்? வடக்கே பெரிய ஆஸ்பத்திரியில்? இல்லை, இல்லை, இல்லை. பதினைந்துக்கு அப்புறம் கும்பிட வந்தவர்களே நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஏம்மா, சாமி இன்னிக்கு வேற ஊருக்குப் போயிருக்காரோ என்னவோ," என்றான் பழக்கடைக்காரன்.

"வாயை மூடுடா!" அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். முப்பத்து இரண்டாவது தடவை கட்டையைப் பொறுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "எம் புள்ளைக்கு மட்டும் ஏன் சாமி இப்படி?"

ஜோலானும் அழுதாள். பீஷா தூணில் சாய்ந்து நின்றாள். உடம்பெல்லாம் லேசாகிப் போயிருந்தது. இருபது வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை, அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான் என்பதுகூட அந்த நிமிஷம் நினைவில்லை.

அப்போது யாவ்நான் எழுந்தான்.

"அம்மா, உங்களுக்குக் கேக்கத் தெரியல. கேள்வியைத் திருப்பிப் போடணும். குடுங்க என்கிட்ட."

இப்படி ஓர் ஓட்டை இருப்பதைப் பீஷா யோசிக்கவே இல்லை. 'ஜோலான் கொடுக்கக் கூடாதா' என்று அவன் கேட்டுவிட்டால்? கட்டை இல்லை என்றுதானே சொல்லும்? கூடாதா என்றால் இல்லை, அப்படியென்றால் கொடுக்கலாம். சொல்லை வைத்துப் பிழைக்கிறவன், இவனுக்கா தெரியாது? கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ஆனால் யாவ்நானுக்கு எப்போதுமே கேள்வி தன்னைப் பற்றியதுதான்.

"சாமி, நான் சாகப்போறேனா?" என்று கேட்டுக் கட்டையைப் போட்டான்.

இல்லை.

மறுபடி போட்டான். இல்லை. மூன்றாம் தடவை. இல்லை.

"எனக்கு இன்னொருத்தர் உறுப்பு தேவையா?" இல்லை. "அந்த மெஷின் தேவையா?" இல்லை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டான், மூன்றும் இல்லை.

அம்மா தரையில் கிடந்தபடியே ஓவென்று கத்தினாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அதுக்குத்தான் ஜோலானை வேண்டாம்னாரா! முப்பது தடவை சொல்லியும் இந்த மரமண்டைக்குப் புரியலையே!" யாவ்நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றான், முகத்தில் அவனுடைய துறவியின் புன்னகை. கும்பிட வந்தவர்கள் அவனையும் சேர்த்துக் கும்பிட்டார்கள்.

பீஷா வாயைத் திறந்தாள். ஜோலான் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, மாமா பொழைச்சுட்டாரும்மா! எனக்கு ஆபரேஷன்னா உள்ளுக்குள்ள எவ்ளோ பயமா இருந்துச்சு தெரியுமா?"

பீஷா வாயை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு ஹுங் ஐயா கட்டைகளைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். "சத்தம் சரியில்லையேம்மா. மரம் விழுந்தா டக்குனு கேக்கும். இது தொப்புனு விழுது."

"சாயம் ஐயா."

"ம். சாயம்." கட்டைகளைக் கூடைக்குள் வைத்தார். "சின்னப் பொண்ணு தப்பிச்சா, எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அவன் மெஷினை விட்டுட்டா ஒரு வாரம் தாங்க மாட்டான். அவன்கிட்ட மட்டுமாவது சொல்லிடு."

"சொல்றேன்."

"சொல்லிடுவேல்ல?"

"சொல்றேன்னு சொன்னேனே ஐயா."

திங்கட்கிழமை யாவ்நான் டயாலிசிஸுக்குப் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அம்மா எடுத்து, "இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க, நாங்க குணமாயிட்டோம்," என்று வைத்தாள். அவன் விடாமல் எழுதினான். துறவி மூலிகைப் பையை அருவியில் வீசி எறிகிற அத்தியாயம் அந்த வருஷத்திலேயே அதிகம் பேர் படித்தது.

வியாழக்கிழமை கடையை மூடிவிட்டுப் பீஷா அண்ணன் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள், அது சத்தியம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். யாவ்நான் கட்டிலில் சாய்ந்து கிடந்தான். கால் இரண்டும் ஊதிப் பளபளவென்று இருந்தன. வாயில் ஒருவித வாடை.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போ."

"ஏன், சாமி சொன்னது உனக்குப் பத்தலையா?"

"மூச்சு வாங்குது பாரு உனக்கு."

"கழிவு வெளிய போறப்ப அப்படித்தான் இருக்கும். சமநிலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடும்." கண்ணைத் திறந்து பார்த்தான். "உனக்கு வயித்தெரிச்சல் பீஷா. நீ குடுத்தது வீணாப் போச்சு, நான் அதில்லாமலே பொழைச்சுட்டேன். அதான் உனக்கு."

"இல்லண்ணா. அந்தக் கட்டை..."

"கட்டைக்கு என்ன? சரி, கேட்டுக்கோ. உன் பொண்ணு நேத்து போன் பண்ணினா. சாமி என்ன சொன்னாலும், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மாமா, நாளைக்கே வந்து படுத்துக்கறேன்னா. நான்தான் வேண்டாம்னேன். சாமியே எனக்குத் தேவையில்லைனு சொன்னப்புறம் எதுக்கு? தேவைன்னா கேட்டிருப்பேன். அவளும் குடுத்திருப்பா. உன்னை மாதிரி முனகாம சிரிச்சுக்கிட்டே குடுத்திருப்பா."

அறை வாசலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பீஷா அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் இவன் பிழைப்பான். பிழைத்து, ஒரு வார்த்தை கேட்பான். ஜோலான் வந்து படுத்துக்கொள்வாள். அப்புறம் ஒருநாள் இவனுக்கு மறுபடியும் ஞானம் வரும்.

"கட்டைக்கு என்னன்னு கேட்டேன்," என்றான்.

"ஒண்ணும் இல்ல. சாயம் நல்லா வந்திருக்குன்னு சொல்ல வந்தேன்."

"நாக்கு கசக்குது," என்றான் அவன். "நட்சத்திரப் பழச் சாறு வாங்கிட்டு வா. உப்புப் போட்டது. ஆறு வருஷமாச்சு அதைக் குடிச்சு."

தைனானில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், சிறுநீரகம் போனவர்கள் வாயில் நட்சத்திரப் பழம் படக் கூடாது, அவர்களுக்கு அது விஷம். டயாலிசிஸ் வார்டில் சுவருக்குச் சுவர் படம் போட்டுச் சிவப்பில் குறுக்குக் கோடு அடித்து ஒட்டியிருக்கும். வருஷக்கணக்காக அவனை அங்கே கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தவள் பீஷாதான்.

முனைக் கடையில் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் மூன்றாவதாக நின்றாள். திரும்பிப் போக நேரம் இருந்தது.

"பெருசா, சின்னதா அக்கா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"பெருசு."

"ஐஸ்?"

"கொஞ்சமாப் போடு. தொண்டைக்கு ஆகாது அவருக்கு."

அவன் ஒரே மூச்சில் முக்கால்வாசியைக் குடித்தான். "அம்மாடி," என்றான் கண்ணை மூடி. பீஷா வாயைத் துடைத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் விக்கல் ஆரம்பித்தது. மறுநாள் காலை வரைக்கும் நிற்கவில்லை. அப்புறம் யாரைப் பார்த்தாலும் துறவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அப்புறம் கை கால் வெட்டி இழுத்தது. அம்மா கடைசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்விட்டான்.

வாசகர்களுக்குச் சாவு தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனசில்லை. ஆசிரியர் உடம்பைச் சட்டை மாதிரிக் கழற்றி வைத்துவிட்டு மலைக்குப் போய்விட்டார் என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். சாமி பொய் சொல்லவில்லை, என் பிள்ளை சாகவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் அதையே சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஏழாம் நாள் சடங்கு வீட்டு முற்றத்தில் நடந்தது. செத்தவனுக்குச் சோறும் பன்றி இறைச்சியும் படைத்து, சாப்பிட்டு முடித்தாயா என்று கேட்க வேண்டும். சம்மதம் விழுந்தால்தான் படையலை எடுக்கலாம், அவன் செலவுக்கான காகிதப் பணத்தை எரிக்கலாம், மண்டியிட்ட சொந்தக்காரர்கள் எழுந்திருக்கலாம். வழக்கமாக இரண்டு காசைச் சுண்டிப் போட்டுக் கேட்பார்கள். ஆனால் ஹுங் ஐயா கைத்தடி ஊன்றி வந்து, சிவப்புத் துணியில் சுற்றியிருந்ததை அம்மா கையில் வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் கொடுத்த ஜோடி. இதுலதானே அவன் கடைசியா சாமிகிட்ட பேசினான்."

அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பீஷா ஹுங் ஐயாவைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"சாப்பிட்டு முடிச்சியா ராஜா?" இல்லை. "இன்னும் கொஞ்சம் வேணுமோ?" ஜோலான் சோற்றைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். "இப்ப முடிச்சியா?" இல்லை.

வெயில் ஏறியது. சடங்கு நடத்த வந்திருந்த சாமியார் மணியைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"என்னடா குறை உனக்கு?" அம்மாவின் குரல் உடைந்தது. "யார் மேலயாவது கோவமா? உன் தங்கச்சி உனக்கு ஏதாவது கெடுதல் பண்ணினாளா?"

தொப்பென்று விழுந்தது. இல்லை.

அம்மா திரும்பிப் பீஷாவின் கையைப் பிடித்தாள். பீஷாவுக்கு நினைவு தெரிந்து அம்மா அவள் கையைப் பிடித்ததே கிடையாது. ஆபரேஷன் அன்றைக்கும் அம்மா அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். "உன் மேல ஒண்ணும் இல்லையாம்டி. கேட்டியா? எம் புள்ளை உன்னை ஒரு வார்த்தை சொல்லல."

"மாமா," என்றாள் ஜோலான் தயங்கித் தயங்கி, பாட்டியிடமிருந்து கட்டையை வாங்கி. "நான் குடுத்திருந்தா நீங்க இருந்திருப்பீங்களா?"

இல்லை. ஜோலான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், பாரம் இறங்கிய அழுகை. பீஷாவுக்கு அலற வேண்டும் போல் இருந்தது. அவள் செய்த பொய் அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தது, அவள் ஒருத்திக்குத் தவிர.

"பாட்டி, மாமா கேட்ட மாதிரி திருப்பிக் கேளுங்க," என்றாள் ஜோலான் மூக்கை உறிஞ்சி. "சாப்பாடு பத்தலையான்னு கேட்டா இல்லைனுதானே விழும்? முடிஞ்சிரும்."

"அது உயிரோட இருக்கறவங்க சாமிகிட்ட கேக்கறது," என்றார் ஹுங் ஐயா. "செத்தவங்ககிட்ட அந்தச் சாமர்த்தியம் எல்லாம் ஆகாது. ஒண்ணு தட்டை, ஒண்ணு மேடு. சம்மதம்னு விழணும். விழற வரைக்கும் போடணும்."

"சில்லறை போட்டுப் பாக்கலாமே ஐயா," என்றாள் பீஷா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எதுக்குடி சில்லறை?" அம்மா சீறினாள். "இந்தக் கட்டைதான் உண்மை பேசுது. எனக்கு முழங்கால் போச்சு. நீ போடு. கூடப் பொறந்தவ கேட்டா மனசு இரங்குவான்."

கட்டைகள் பீஷாவின் கைக்கு வந்தன. எவ்வளவு கனம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் ஹுங் ஐயாவுக்கு. அவர் தன் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே, மாமர நிழலில் போட்டுக்கொண்டு, கைத்தடி மேல் தாடையை வைத்து உட்கார்ந்தார். பின்னால் முப்பது சொந்தக்காரர்கள் மண்டியிட்டிருந்தார்கள். ஜோலான் ஆறிப்போன சோற்றை எடுத்துக்கொண்டு மறுபடி அடுப்படிக்குப் போனாள்.

"சாப்பிட்டு முடிச்சியா அண்ணா?" என்று கேட்டுப் பீஷா கட்டையைப் போட்டாள்.

இல்லை.

குனிந்து பொறுக்கினாள். தழும்பு இழுத்தது.

"போடும்மா," என்றார் ஹுங் ஐயா. "யாருக்கும் அவசரம் இல்ல."